மாடி வார்டு

எழிலரசி சிஸ்டரை அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பிடிக்காது. வெள்ளம் வருவதற்கு முன்பே அப்படித்தான்.

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே ஒரு டிரஸ்ட் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரி அது. கீழே பொது வார்டு, மாடியில் பிரசவ வார்டு. மாடி எழிலரசியின் பொறுப்பு. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொட்டிலை நெருங்குகிறவர் யார், என்ன என்றெல்லாம் பார்க்க மாட்டாள், கத்திவிடுவாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போடுகிற மாமியார்களை எழுப்பி வெளியே அனுப்புவாள். ஆயாக்கள் அவளுக்கு முன்னால் தலையாட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் ‘இன்ஸ்பெக்டர் போயாச்சு’ என்பார்கள். தன்னைப் பிடிக்க வேண்டும் என்று அவளும் எதுவும் செய்தவள் இல்லை.

2005 கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. வெள்ளாறு பெருகி வயல்களில் ஏறி, ஒரு காலையில் ஆஸ்பத்திரியின் கீழ் வார்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கக்கூஸ் தொட்டி நிரம்பி அந்தத் தண்ணீரோடு கலந்தது. போர் மோட்டார் முழுகிப்போனது. கீழே இருந்தவர்களை டிராக்டரில் ஏற்றிப் பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பினார்கள். மாடியில் பிள்ளை பெற்றவர்களும், வயிற்றில் தையல் காயாதவர்களும், குழந்தைகளும் மட்டும் மிஞ்சினார்கள். குடிக்க, கழுவ, எல்லாவற்றுக்கும் மேல்தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர்தான்.

எழிலரசி மாடிப்படியின் நடுவில் இருந்த கிரில் கேட்டைப் பூட்டினாள். கேட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை முக்கிக் கழுவ வேண்டும். ஒரு தாய்க்கு ஒரு ஆள்தான். வெளியிலிருந்து கொண்டுவருகிற சோறு மேலே வரக் கூடாது. ஸ்டவ்வில் கொதிக்கவைத்த தண்ணீரை அவளே அளந்து கொடுத்தாள்.

“ஜெயிலு மாரி பண்ணி வச்சிருக்கியே” என்று ஒரு கிழவர் அவள் முகத்துக்கு நேரே சொன்னார். கீரப்பாளையத்து அறிவழகனுக்கு முதல் குழந்தை, ஆண். வெள்ளத்தில் நீந்தாத குறையாக வந்து நின்றவனைப் படியில் நிறுத்தி, கிரில்லுக்கு அந்தப் பக்கம் தூரத்திலிருந்து குழந்தையைக் காட்டினாள். அவன் மனைவி கனிமொழி உள்ளேயிருந்து, “ஒரு தடவ தூக்கட்டுமே சிஸ்டர்” என்று கெஞ்சினாள்.

“தூக்கலாம். குளிச்சிட்டு, வேற துணி மாத்திக்கிட்டு வரட்டும்.”

“குளிக்க எங்கடி தண்ணி இருக்கு ஊருல? எல்லாம் பீத்தண்ணி” என்று அறிவழகன் கத்தினான்.

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றாள் எழிலரசி.

அன்று மதியம் முகாமிலிருந்து முதல் டிராக்டர் வந்தது. வாந்தியும் பேதியுமாக ஏழெட்டுப் பேர். டாக்டர் ஞானசேகரன் படியேறி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

“சிஸ்டர், கீழ போட எடமே இல்ல. உங்க வார்டுல அந்தக் கோடியில நாலு கட்டில் போட்டு, ஸ்கிரீன் கட்டிடலாமா?”

“ஸ்கிரீன் துணி கிருமியத் தடுக்குமா சார்? ஒரே பாத்ரூம், ஒரே தொட்டித் தண்ணி. அவுங்க ஒரு தடவ பாத்ரூம் போய்ட்டு வந்தா போதும், புள்ளைங்க ஒண்ணொண்ணா போய்டும்.”

“அப்ப எங்கதான் போடறது?”

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேடை கட்டி எழுப்பியது. தண்ணீர் அதன் மூன்றாவது படியோடு நின்றிருந்தது. உரிமையாளர் சென்னையில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. எழிலரசி வாட்ச்மேனை அனுப்பிப் பூட்டை உடைக்கச் சொன்னாள். கட்டில்களைத் தலையில் சுமந்து கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்னப் பெண் நர்ஸைப் போட்டாள். மண்டபத்துக்குப் போகிறவர் மண்டபத்திலேயே இருக்க வேண்டும், வெள்ளம் வடிகிற வரை மாடிக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் காலையில் கொளஞ்சி வந்தான். எழிலரசியின் கணவர் தேவநாதனுக்கு அண்ணன். இரண்டு ஆட்கள் ஒரு நாற்காலியைத் தூக்கிவர, அதில் அவன் மனைவி தைலம்மாள் தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். பின்னால் இடுப்பளவு நனைந்து தேவநாதன்.

“எழிலு, கேட்டத் தொற. உங்கக்காவுக்கு விடியக்காலத்துலேருந்து போய்க்கிட்டே இருக்கு. கண்ணு சொருகிப்போச்சு.”

எழிலரசி கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்தாள். தைலம்மாளின் கன்னம் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது.

“மாமா, மேல வேணாம். எதுத்த மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. சிஸ்டர் இருக்காங்க, ஒடனே டிரிப் போடுவாங்க.”

“மண்டபத்துலயா? அனாத மாரியா? நீ வேல பாக்குற எடம்னு நம்பி வந்திருக்கேன்.”

“வேல பாக்குறதாலதான் சொல்றேன். மேல பச்சப் புள்ளைங்க இருக்கு.”

“எழில், அண்ணி ஒருத்திய மட்டும்…” என்றார் தேவநாதன்.

“யாரா இருந்தாலும்தான்.”

கொளஞ்சி கம்பியைப் பிடித்து உலுக்கினான். “ஓகோ. அன்னிக்கு நான் சொன்னதுக்கு இன்னிக்குப் பழி வாங்குறியா?”

அவன் சொன்னது சேத்தியாத்தோப்பில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி. பந்தியில் ஆள் பற்றாமல் எழிலரசி சோற்று வாளியைத் தூக்கியபோது, நாலு பேர் முன்னிலையில் கொளஞ்சி அவள் கையைத் தட்டிவிட்டான். “ரத்தமும் சீழும் அள்ளுற கை. இது பரிமாற வேணாம்” என்றான். தைலம்மாள் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

“அத நான் மறக்கல மாமா. மறக்கவும் மாட்டேன். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

சொல்லும்போதே அவளுக்கு உள்ளே உறுத்தியது. அந்த மனிதன் தன் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் ஓர் ஓரத்தில் அவளுக்குத் திருப்தி இருந்தது. வேண்டாம் என்று தள்ளினாலும் அது போகவில்லை.

படியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. “சொந்த ஓரகத்தியையே வுட மாட்டேங்குறா, இவளெல்லாம் நர்ஸா?” என்று யாரோ சொன்னார்கள். யாரோ காறித் துப்பினார்கள். கம்பியில் பட்டு வழிந்தது. தைலம்மாள் தலையைத் தூக்காமலேயே முனகினாள்:

“வாங்க போலாம். அவ வுட மாட்டா. இத்தினி வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தா.”

நாற்காலி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சாலையைக் கடந்தது. தேவநாதன் திரும்பிப் பார்க்காமல் அதன் பின்னால் போனார். எழிலரசி ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்துக் கம்பியைக் கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்துப் படியிலிருந்து அந்தச் சின்ன நர்ஸ் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். “சிஸ்டர், அந்தம்மாவுக்கு நரம்பே கெடைக்கல. நாலு எடத்துல குத்திட்டேன். கை ஜில்லுன்னு ஆயிடுச்சு.”

டாக்டர் தியேட்டரில் சிசேரியனில் இருந்தார். சுருங்கிப்போன நரம்பில் ஊசி ஏற்றத் தெரிந்த ஆள் எழிலரசியை விட்டால் அங்கே இல்லை. போனால் திரும்பி மாடிக்கு வர முடியாது. அது அவளே போட்ட சட்டம். போகாவிட்டால் தைலம்மாள் அரை மணி தாங்க மாட்டாள். கொன்றுவிட்டாள் என்று ஊர் சொல்லும் என்பதும் அவள் நினைப்பில் இருந்தது.

அடுத்த நிலையில் இருந்த நர்ஸ் ரேகாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

“நான் இனிமே மேல வர மாட்டேன். எல்லாம் உன் பொறுப்பு. பேதின்னு யாரு வந்தாலும் கேட்டத் தொறக்காத. யாரு சொன்னாலும் தொறக்காத. புரிஞ்சுதா?”

“டாக்டர் சொன்னா, சிஸ்டர்?”

“டாக்டர் சொன்னாலும்தான்.”

ரேகா தலையாட்டினாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள்.

மண்டபத்தில் பேதி நாற்றமும் பிளீச்சிங் நெடியும் மூக்கை அடைத்தன. மணமேடைக்குப் பக்கத்தில் தைலம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். எழிலரசி கையுறை மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். தைலம்மாள் இழுத்துக்கொண்டாள்.

“தொடாத.”

“தொடாம எப்படிக்கா ஊசி போடறது?”

“நீ போட வேணாம். செத்தாலும் சாவறேன்.”

“சாவுங்க. ஆனா என் கையில வேணாம்” என்று சொல்லி, எழிலரசி அவள் காலை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கணுக்காலில் நரம்பைத் தேடினாள். இரண்டாவது முறையில் ஊசி ஏறியது. சலைன் வேகமாக இறங்கத் தொடங்கியது. கொளஞ்சி தூண் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தைலம்மாளின் சேலையை உருவி, உடம்பைத் துடைத்து, நனைந்த துணியை பிளீச்சிங் வாளியில் போட்டாள். பிறகு அவனிடம், “நின்னு வேடிக்க பாக்காதீங்க. அந்த வாளியத் தூக்கிட்டுப் போய்க் குழியில ஊத்துங்க. ஊத்திட்டுக் கை கழுவுங்க” என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினான்.

மாலைக்குள் தைலம்மாளுக்குப் பேச்சு தெளிவாக வந்தது. முதலில் எழிலரசியைத் திட்டினாள். தன்னைப் படியிலிருந்து விரட்டியதைப் பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் சொன்னாள். எழிலரசி அடுத்த பாட்டிலை மாற்றினாள்.

அதற்கடுத்த நாட்களில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எழிலரசி அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே படுத்தாள். மாடிக்கு வேண்டியதைச் சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே கத்திச் சொன்னாள். இரண்டு கிழவர்கள் அங்கே இறந்தார்கள். மற்றவர்கள் தேறினார்கள்.

ஒரு மத்தியானம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஒரு ஜீப் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டிரஸ்ட் உறுப்பினர் சுப்பராயலுவின் ஜீப். பின்பக்கமிருந்து அவருடைய வயதான தாயாரை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். அந்த அம்மாளின் சேலை நனைந்திருந்த விதத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே என்ன நோய் என்று தெரிந்தது.

“ரேகா!” என்று எழிலரசி மண்டபப் படியிலிருந்து கத்தினாள். “தொறக்காத! இங்க கொண்டாரச் சொல்லு!”

நாற்காலி படியேறியது. கேட் திறந்தது.

எழிலரசி தண்ணீரில் இறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரியின் முதல் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். அவள் கையிலும் சேலையிலும் மண்டபம் முழுக்க ஒட்டியிருந்தது. மேலே போனால் அவளே கொண்டுபோனவளாவாள். கீழே நின்று டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

ஞானசேகரன் படி மேலிருந்து எட்டிப் பார்த்தார். “சத்தம் போடாதீங்க சிஸ்டர். ஓரமா ஸ்கிரீன் கட்டித்தான் போட்டிருக்கேன். தனி பக்கெட்டு, தனி ஆயா.”

“பாத்ரூம் தனியா சார்? அந்தம்மாவ மண்டபத்துக்கு அனுப்புங்க. நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்.”

“டிரஸ்ட் மெம்பரோட அம்மாவ மண்டபத்துல போடச் சொல்றீங்களா?”

“என் ஓரகத்தி கெடக்குறாங்க சார் அங்க.”

“அது உங்க குடும்ப விஷயம். உங்க வேலய நீங்க பாருங்க” என்று சொல்லி அவர் உள்ளே போய்விட்டார். கம்பிக்குப் பின்னால் ரேகா நின்றிருந்தாள். எழிலரசியின் கண்ணைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது தைலம்மாள் மண்டபத்துத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகுதான் மாடியில் முதல் குழந்தைக்குப் பேதி கண்டது. பிறகு இன்னொன்றுக்கு. அப்புறம் கனிமொழியின் குழந்தைக்கு. சாலை திறந்ததும் மூன்றையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இரண்டு பிழைத்தன. கனிமொழியின் குழந்தை வேனிலேயே போய்விட்டது.

அறிவழகன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். அவனோடு ஊர் ஆட்கள். சேறு படிந்த முற்றத்தில் நின்று, “எம்புள்ளய நான் தூக்கக்கூட வுடலியேடா! நல்லா பாத்துக்கிறேன்னுதான வாங்கி வச்சீங்க!” என்று கத்தினான். ஞானசேகரன் வெளியே வந்தார்.

“நான் என்னப்பா செய்யறது? இன்சார்ஜ் சிஸ்டரே வார்ட வுட்டுட்டுச் சொந்தக்காரங்களப் பாக்க மண்டபத்துக்குப் போயிட்டாங்க. அங்கயும் இங்கயும் போய் வந்தா பரவாம என்ன செய்யும்?”

எழிலரசி அப்போது மண்டபத்திலிருந்து சாலையைக் கடந்து முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அறிவழகன் குழந்தையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் சேற்றில் விழுந்தாள். யாரோ செருப்பால் அடித்தார்கள். தேவநாதன் கூட்டத்தை விலக்கப் பார்த்து, தானும் அடி வாங்கினார். எழிலரசி கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். “நான் மேல வரல, நான் வரல” என்றாள். யார் காதிலும் விழவில்லை.

அன்றுதான் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்ததால் தைலம்மாள் மண்டபப் படியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். மெதுவாக இறங்கி வந்தாள். இன்னும் நடையில் தள்ளாட்டம் இருந்தது, குரலில் இல்லை.

“யோவ் டாக்டரு! யாரு அங்கயும் இங்கயும் போனது? இவளா? சனியன் மாரி எங் கட்டிலாண்டதான் கெடந்தா, நான் தொரத்தியும் போவல. அது கெடக்கட்டும். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. எனக்கு பேதின்னா மண்டபம், சுப்பராயலு ஆத்தாளுக்கு பேதின்னா மாடியா? எம் புருசன் கெஞ்சுனப்பத் தொறக்காத கேட்டு, ஜீப்பு வந்தா மட்டும் எப்படித் தொறந்துச்சு?”

“எந்த ஆத்தா?” என்றான் அறிவழகன்.

“மேல, ஸ்கிரீன் கட்டிப் போட்டிருந்தாங்களே, அந்தக் கெழவி. எங் கண்ணால பாத்தேன், நாக்காலியில வச்சித் தூக்கிக்கிட்டுப் போனத. சேல பூரா நாறிக்கிட்டுப் போச்சி. நாங்க மட்டும் என்னா மாடா?”

மாடிப்படியில் நின்றிருந்த ரேகா அழத் தொடங்கினாள். “சிஸ்டர் தொறக்காதன்னுதான் சொன்னாங்க. சார்தான் சாவிய வாங்கினாரு” என்றாள்.

கூட்டம் டாக்டர் அறைப் பக்கம் திரும்பியது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. சுப்பராயலுவின் தாயார் முந்தின நாளே குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார்.

எழிலரசி சேற்றிலிருந்து எழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தைலம்மாளைப் பார்த்தாள்.

“பாக்காத” என்றாள் தைலம்மாள். “உனக்காக ஒண்ணும் சொல்லல. என்னை வாசல்ல நிக்க வச்சத நான் சாவுற மட்டும் மறக்க மாட்டேன்.” பையை எடுத்துக்கொண்டு கொளஞ்சியோடு நடந்துவிட்டாள். அவர்கள் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் அதற்கப்புறமும் பேச்சு இல்லை.

ஞானசேகரன் வேறு ஊருக்குப் போய்விட்டார். சுப்பராயலு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவில்லை. டிரஸ்ட்டில் அவர் பெயர் மட்டும் இருந்துகொண்டிருந்தது. எழிலரசியை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவள் ஆயாக்களோடு நின்று கீழ் வார்டின் சேற்றை வாரிக் கொட்டினாள். ஊறிய மெத்தைகளை எரித்தாள். சுவர் காய்கிற வரை ஒரு கட்டிலும் உள்ளே போடக் கூடாது என்று கடலூரிலிருந்து வந்த புது டாக்டரிடம் சண்டை போட்டாள். ரேகா இரண்டு மூன்று முறை பேச வந்தாள். எழிலரசி வேலையை மட்டும் சொன்னாள்.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவள் கீரப்பாளையம் போனாள். அறிவழகன் வீட்டில் இல்லை. சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறை இருந்தது. கனிமொழி உள்ளேயிருந்து வந்து, யாரென்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“என்ன வேணும்?”

“பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எல்லாம் கேள்விப்பட்டேன். நீங்க தொறக்கல, டாக்டருதான் தொறந்தாருன்னு எங்க வூட்டுக்காரரு வந்து சொன்னாரு.” கனிமொழி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க இருந்திருந்தா தொறந்திருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப ஏன் போனீங்க?”

“என் ஓரகத்திக்கு நரம்பு கெடைக்கல. போகலன்னா செத்திருப்பாங்க.”

“இப்ப நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

பால் வற்றுவதற்காகக் கனிமொழி மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தது ரவிக்கைக்கு மேல் தெரிந்தது.

“நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்குத் தெரியல” என்றாள். “ஆனா உங்க மொகத்தப் பாக்க முடியல. போய்டுங்க. இனிமே வராதீங்க.”

எழிலரசி தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. கருவாட்டுக் கூடையோடு நின்றிருந்த ஒரு பெண் நெருங்கி வந்து, “யாரும்மா, தவறிட்டாங்களா?” என்றாள்.

எழிலரசி தலையாட்டினாள்.

“ஒங்க வூட்டு ஆளா?”

“இல்ல” என்றாள். சிதம்பரம் பஸ் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.